இதய அறுவையில் வலி நீக்கம்: எபிடியூரல் முறையின் பயனும் வரம்பும்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் மகுடத் தமனிகளில் அடைப்பு ஏற்படும்போது, உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த இரத்தக் குழாயைக் கொண்டு மாற்றுப் பாதை அமைப்பதே பைபாஸ் அறுவை எனப்படுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1967ஆம் ஆண்டில், அர்ஜென்டினாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ரெனே ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு இம்முறையைச் செம்மைப்படுத்தினார். எட்டே ஆண்டுகளில் அது நம் நாட்டை எட்டியது. 1975ஆம் ஆண்டில் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை வெற்றிகரமாகச் செய்தார். அன்று நாளேடுகளில் செய்தியான இவ்வறுவை, இன்று நாட்டின் பல நகரங்களில் அன்றாடம் நடைபெறுகிறது.

அறுவை வெற்றியா தோல்வியா என்பதைப் பொருத்தப்பட்ட இரத்தக் குழாய்களின் எண்ணிக்கையைக் கொண்டும், நோயாளி வீடு திரும்பினாரா என்பதைக் கொண்டும் மதிப்பிடுவது வழக்கம். ஆனால் அறுவைக்கு உள்ளான ஒருவரைக் கேட்டால், அவர் முதலில் கூறுவது வேறொன்றாக இருக்கும். அறுவைக்கு மறுநாள் இருமச் சொன்னபோது மார்பில் எழுந்த வலியையே அவர் நினைவுகூர்வார். இந்த வலி வெறும் துன்பம் மட்டுமன்று. குணமடைதலுக்கே அது தடையாக நிற்கக்கூடியது. அதனை அகற்றுவதற்கான வலுவான வழிகளுள் ஒன்று, முதுகுத்தண்டின் வழியே மருந்து செலுத்தும் எபிடியூரல் முறையாகும். இம்முறை எவ்வாறு செயல்படுகிறது, இதய அறுவையில் அதன் பயன் என்ன, அது ஏன் எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கத்திற்கு வரவில்லை, நம் நாட்டின் சூழ்நிலையில் அதற்குரிய இடம் யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வலி செய்யும் கேடு

பைபாஸ் அறுவையில் மார்பின் நடுவேயுள்ள நெஞ்செலும்பு மேலிருந்து கீழாக அறுக்கப்பட்டு இருபுறமும் விரித்துப் பிடிக்கப்படுகிறது. இதனால் விலாவெலும்புகளின் மூட்டுகள் இழுபடுகின்றன. அறுவை முடிந்ததும் எலும்பு எஃகுக் கம்பிகளால் கட்டப்படுகிறது. கசியும் இரத்தத்தையும் நீரையும் வெளியேற்ற மார்பினுள் குழாய்கள் வைக்கப்படுகின்றன. சிரை எடுக்கப்பட்ட காலிலும் ஒரு நீண்ட காயம் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் வலி மிகுதியாக இருப்பதற்கு இவையே காரணங்கள்.

வலிக்கும் மார்பை அசைக்க எவரும் விரும்புவதில்லை. நோயாளி மூச்சை மேலோட்டமாக இழுக்கிறார், இருமலை அடக்குகிறார். நுரையீரலின் அடிப்பகுதிகளுக்குக் காற்றுச் செல்லாமல் அவை சுருங்குகின்றன. சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமிகள் பெருகி நுரையீரல் அழற்சி உண்டாகலாம். நெடுங்காலம் புகை பிடித்தவர்களும், ஏற்கெனவே நுரையீரல் பழுதுபட்டவர்களும், உடல் பருமன் மிக்கவர்களும் இவ்வகையில் எளிதில் பாதிக்கப்படுகின்றனர்.

இரண்டாவது கேடு இதயத்தையே சார்ந்தது. கடும் வலியின்போது பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு, அட்ரினலின் போன்ற சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத் தசையின் ஆக்சிஜன் தேவை உயர்கிறது. நலமான இதயம் இதனைத் தாங்கிக்கொள்ளும். சற்று முன்னரே கத்தியைச் சந்தித்த இதயத்திற்கு இது வீண் சுமையாகும். இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறுவதற்கும் இத்தூண்டல் ஒரு காரணமாக அமையலாம்.

நம் இல்லங்களில் வலியைப் பொறுத்துக்கொள்வது ஒரு பண்பாகவே கருதப்படுகிறது. வலிக்கிறது என்று கூறினால் பிறருக்குத் தொல்லை என்று எண்ணி முதியவர்கள் பலர் வாய் திறவாமல் படுத்திருப்பர். அசையாமல் கிடப்பவரைக் கண்டு அவருக்கு வலியில்லை என்று முடிவு செய்வது தவறாகும். ‘ஆழ்ந்து மூச்செடுங்கள், இருமிப் பாருங்கள், இப்போது எவ்வளவு வலிக்கிறது?’ என்று கேட்பதே சரியான சோதனை.

பழைய வழியும் அதன் விலையும்

1969ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மயக்க மருத்துவர்கள், பெரும் அளவு மார்ஃபினைச் சிரையின் வழியே செலுத்தி, பழுதடைந்த இதயம் உடையோருக்கும் பாதுகாப்பாக மயக்கம் அளிக்க முடியும் என்று காட்டினர். இதய அறுவைக்கு இது பெரிதும் துணை புரிந்தது. ஆனால் மார்ஃபின் மூச்சை மந்தப்படுத்தும் இயல்புடையது. எனவே நோயாளிகள் மறுநாள் வரையிலும் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு உறங்க வேண்டியிருந்தது. 1990களில் இந்நிலை மாறத் தொடங்கியது. சில மணி நேரத்திலேயே நோயாளியை விழிக்கச் செய்து, மூச்சுக் குழாயிலிருந்து கருவியை அகற்றி, விரைவில் எழுந்து நடக்கச் செய்யும் முறை பரவியது. ஒவ்வொரு சுவாசக் கருவியும், தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒவ்வொரு கட்டிலும் அரிதாக இருக்கும் நாட்டில் இதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நோயாளியை விரைவில் விழிக்கச் செய்தால் அவர் வலியையும் விரைவில் உணர்வார். மூச்சையும் தெளிவையும் கெடுக்காமல் வலியை மட்டும் அகற்ற வழியுண்டா என்ற கேள்வி எழுந்தது. எபிடியூரல் முறையின்பால் இதய அறுவைத் துறையின் கவனம் திரும்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எபிடியூரல் என்பது யாது?

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முதுகெலும்புகளின் நடுவேயுள்ள கால்வாயினுள் பாதுகாப்பாக அமைந்துள்ளது. அதனைச் சுற்றி நீரும், அந்நீரைச் சூழ்ந்து தடித்ததோர் உறையும் உள்ளன. இவ்வுறைக்கும் எலும்புக் கால்வாயின் சுவருக்கும் இடையே, கொழுப்பும் மெல்லிய சிரைகளும் நிறைந்த ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. அதுவே எபிடியூரல் இடைவெளி. அதன் அகலம் சில மில்லிமீட்டரே. தண்டுவடத்திலிருந்து புறப்பட்டு உடலின் பகுதிகளுக்குச் செல்லும் நரம்பு வேர்கள் இவ்விடைவெளியைக் கடந்தே வெளியேறுகின்றன. இங்கு உணர்வகற்றும் மருந்தைச் செலுத்தினால், அவ்விடத்து நரம்புகள் ஏந்திச் செல்லும் வலிச் செய்திகள் மூளையை எட்டுவதில்லை.

உறையைத் துளைத்து நீரினுள் மருந்து செலுத்தும் முறையை ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியர் 1898ஆம் ஆண்டில் கையாண்டார். உறையைத் துளைக்காமல் அதற்கு வெளியே நிறுத்தும் முறையை ஸ்பெயின் நாட்டு இராணுவ மருத்துவர் ஃபிடெல் பாகேஸ் 1921ஆம் ஆண்டில் விவரித்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டதால் அவரது பணி பரவலாக அறியப்படவில்லை. பின்னர் 1930களின் தொடக்கத்தில் இத்தாலியின் டோக்லியோட்டி இதனை உலகறியச் செய்தார். கியூபாவைச் சேர்ந்த மார்ட்டினெஸ் குர்பெலோ 1940களின் இறுதியில், ஊசியின் வழியே மெல்லிய குழாயை நுழைத்து அங்கேயே விட்டுவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒரு முறை ஊசி குத்தினால் நாட்கணக்கில் மருந்து அளிக்க முடியும் என்ற நிலை இதனால் உருவாயிற்று. நம் நாட்டில் இன்று எபிடியூரல் என்றவுடன் பலருக்கு நினைவு வருவது மகப்பேற்று வலியைக் குறைக்க இடுப்புப் பகுதியில் அளிக்கப்படும் முறையே. இதய அறுவைக்குரியது அதன் உறவு முறையே எனினும், இடமும் நோக்கமும் வேறு.

மார்பின் மேற்பகுதியில் ஏன்?

கழுத்தைக் குனிந்தால் பிடரியின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பு கழுத்து எலும்புகளுள் ஏழாவது. அதற்குக் கீழே மார்புக்குரிய பன்னிரண்டு முதுகெலும்புகள் தொடங்குகின்றன. நெஞ்செலும்பின் உணர்வு மார்புக்குரிய மேல் நரம்புகளைச் சேர்ந்தது. வியப்புக்குரிய பொருத்தம் யாதெனில், இதயத்திற்குச் செல்லும் பரிவு நரம்புகளும் மார்பின் முதல் ஐந்து பிரிவுகளிலிருந்தே பெரும்பாலும் புறப்படுகின்றன. எனவே மேல் மார்புப் பகுதியில் வைக்கப்படும் எபிடியூரல் குழாய் ஒரே நேரத்தில் இரு பணிகளைச் செய்கிறது. காயத்தின் வலியை அகற்றுகிறது. இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புத் தூண்டலையும் தணிக்கிறது. நாடி நிதானமடைகிறது. குறுகிய மகுடத் தமனிகள் தளர்ந்து விரியவும் வாய்ப்பு ஏற்படுகிறது. சிரை வழியே அளிக்கப்படும் மார்ஃபின் இந்த இரண்டாவது பணியை இந்த அளவிற்குச் செய்ய இயலாது.

1976ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள், பைபாஸ் அறுவைக்குப் பின் ஏறும் இரத்த அழுத்தத்தை எபிடியூரல் மூலம் கட்டுப்படுத்தியதை வெளியிட்டனர். 1980களின் பிற்பகுதியில், அறுவைக்குப் பிந்திய வலிக்காக மார்புப் பகுதி எபிடியூரல் குழாயின் வழியே மார்ஃபினைத் தொடர்ந்து செலுத்தும் முறை பற்றிய அறிக்கைகள் வந்தன. அதன் பின்னர் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இம்முறை பரவியது.

செய்முறை

அறுவைக்கு முந்திய மாலையிலோ, அறுவை நாளன்று மயக்கம் அளிக்குமுன்னரோ குழாய் வைக்கப்படுகிறது. நோயாளி விழித்திருக்கும் நிலையில் செய்வதே பாதுகாப்பானது. ஊசி நரம்பைத் தொட்டால் அவர் உடனே கூற முடியும். அவரை உட்கார வைத்தோ ஒருக்களித்துப் படுக்க வைத்தோ முதுகை வளைக்கச் செய்கின்றனர். தோல் மரத்துப்போக மருந்திட்ட பின், முனை சற்று வளைந்த ஊசி மெதுவாக உட்செலுத்தப்படுகிறது. ஊசியோடு இணைந்த பீச்சுக்குழலில் காற்றோ உப்பு நீரோ இருக்கும். உறுதியான தசைநாரினுள் ஊசி இருக்கும் வரை பீச்சுக்குழலை அழுத்த முடியாது. தசைநாரைக் கடந்து இடைவெளியை அடைந்த கணமே எதிர்ப்பு மறைந்து, பீச்சுக்குழல் எளிதாக நகர்கிறது. மருத்துவரின் விரலே இங்கு வழிகாட்டி. மேல் மார்புப் பகுதியில் தண்டுவடம் மிக அருகில் இருப்பதால், இப்பணிக்கு நல்ல பயிற்சி வேண்டும்.

பின்னர் நூல் போன்ற குழாய் ஊசியினுள்ளே நுழைக்கப்பட்டு, ஊசி அகற்றப்படுகிறது. குழாய் இரத்தக் குழாயினுள்ளோ தண்டுவட நீரினுள்ளோ சென்றுவிடவில்லை என்பதைச் சிறிதளவு மருந்தால் சோதித்த பின்னரே முழு அளவு அளிக்கப்படுகிறது. பூப்பிவக்கைன் அல்லது ரோப்பிவக்கைன் என்னும் மருந்து மிகக் குறைந்த செறிவில், பெரும்பாலும் ஃபென்டனில் போன்ற வலி நீக்கி ஒன்றுடன் கலந்து, சிறு விசைக்கருவியின் மூலம் மணிக்குச் சில மில்லிலிட்டர் வீதம் செல்லும். வழக்கமாகப் பொது மயக்கமும் சேர்த்தே அளிக்கப்படுகிறது. எபிடியூரல் இருப்பதால் மயக்க மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. அறுவை முடிந்து இரண்டு மூன்று நாட்கள் வரை குழாய் நீடிக்கலாம்.

பொது மயக்கமே இல்லாமல், எபிடியூரல் ஒன்றைக் கொண்டே பைபாஸ் அறுவை செய்ததும் உண்டு. 2000ஆம் ஆண்டில் துருக்கியின் அங்காரா நகரிலிருந்து இத்தகைய அறிக்கை வெளிவந்தது. நம் நாட்டில் பெங்களூரில் டாக்டர் விவேக் ஜவளி, டாக்டர் முரளி சக்கரவர்த்தி ஆகியோர் அடங்கிய குழுவினர் இத்துறையில் பெரும் அனுபவம் பெற்றனர். நோயாளி விழித்திருக்கும் நிலையில் பல பைபாஸ் குழாய்களைப் பொருத்தியதையும், இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு அறுவை செய்ததையும் அவர்கள் 2003, 2005ஆம் ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் வெளியிட்டனர். இது பொதுவழக்கமாகிவிடவில்லை, ஆகவும் வேண்டியதில்லை. நுரையீரலின் உறை திறந்துகொண்டால் விழித்திருப்பவர் மூச்சுவிடத் திணறுவார். ஆயினும் மேல் மார்பு எபிடியூரலின் ஆற்றல் எத்தகையது என்பதற்கு இது தக்க சான்று.

ஆபத்து எங்கே?

இவ்வளவு பயனுள்ள முறை ஏன் எங்கும் கையாளப்படவில்லை? விடை ஹெபாரின் என்ற மருந்தில் இருக்கிறது. இதய நுரையீரல் இயந்திரத்தினுள் இரத்தம் உறையாமலிருக்க, நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 300 முதல் 400 அலகுகள் வரை ஹெபாரின் அளிக்கப்படுகிறது. இயந்திரமின்றித் துடிக்கும் இதயத்திலேயே செய்யும் அறுவையிலும் ஹெபாரின் தேவைப்படுகிறது. அறுவை முடிந்ததும் புரோட்டமின் என்ற மாற்று மருந்தால் அதன் விளைவு நீக்கப்படுகிறது. எபிடியூரல் இடைவெளியில் மெல்லிய சிரைகள் உள்ளன என்று கண்டோம். ஊசியோ குழாயோ அவற்றுள் ஒன்றைக் காயப்படுத்தியிருந்தால், உறையும் திறனை இழந்த இரத்தம் அங்கே கசிந்து தேங்கலாம். எலும்புச் சுவருக்குள் விரிய இடமில்லாத அந்த இரத்தக் கட்டி தண்டுவடத்தை நெரிக்கிறது. சில மணி நேரத்தில் கண்டறிந்து அறுவை மூலம் அகற்றாவிட்டால் இரு கால்களும் நிரந்தரமாகச் செயலிழந்துவிடக்கூடும்.

இது மிக அரிதாகவே நேர்வது. பெங்களூர்க் குழுவினர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட தணிக்கையில் 2,113 இதய அறுவை நோயாளிகள் இடம்பெற்றனர். நிரந்தர நரம்புச் சேதம் எவருக்கும் நேரவில்லை. பல நாட்டுத் தகவல்களையும் திரட்டி 2015ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு, ஏறத்தாழ 3,550 பேரில் ஒருவருக்கு இது நேரலாம் எனக் கணக்கிட்டது. எண்ணளவில் சிறிதே. ஆனால் இதயத்தைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவர் கால்களை இழந்து திரும்புவது எத்தகைய கொடுமை என்பதை எண்ணிப் பார்த்தால், மருத்துவர்களின் தயக்கம் புரியும்.

இந்த ஆபத்தைக் குறைக்கச் சில கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டுள்ளன. ஊசி குத்துவதற்கும் ஹெபாரின் அளிப்பதற்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும். ஊசியில் இரத்தம் கண்டால் அறுவையை ஒரு நாள் ஒத்திவைப்பது பற்றி எண்ண வேண்டும். குளோப்பிடோகிரெல் போன்ற இரத்தத் தட்டணுக்களைத் தடுக்கும் மருந்து உண்பவர்களுக்கு, அம்மருந்தைச் சில நாட்கள் நிறுத்திய பின்னரே இம்முறையைக் கருதலாம். அடைப்புக்கு வலைக்குழாய் பொருத்தப்பட்டவர்களும், மாரடைப்புடன் அவசரமாக வருபவர்களும் இம்மருந்தை உண்டிருப்பர். அவர்களுக்கு இம்முறை பொருந்தாது. குழாயை அகற்றுவதும் குத்துவதைப் போன்றே அபாயமுள்ளது. இரத்தம் உறையும் திறன் சீராக உள்ளதென்று சோதித்த பின்னரே அகற்ற வேண்டும்.

வேறு சில விளைவுகளும் உண்டு. பரிவு நரம்புகள் தளர்வதால் இரத்த அழுத்தம் இறங்கலாம். அதற்குத் திரவமும் மருந்தும் தேவைப்படும். மருந்து கழுத்துப் பகுதிவரை ஏறினால் கைகள் மரத்துப்போகும். உதரவிதானத்தின் நரம்புகளையும் எட்டினால் மூச்சுக்கே இடையூறாகும். கிருமித் தொற்றும் அரிதாக நேரலாம்.

கால்களைக் கேட்டறிதல்

இங்கு ஒரு செய்தியை அனைவரும் அறிந்திருத்தல் நலம். மேல் மார்பில் சரியாக வைக்கப்பட்ட, குறைந்த செறிவுள்ள எபிடியூரல், கால்களின் வலுவைக் குறைப்பதில்லை. இடுப்பில் ஊசி போட்டுக்கொண்ட தாய்க்குக் கால் மரத்தல் இயல்பு. இதய அறுவை நோயாளிக்கு அது இயல்பன்று. அவருடைய கால்கள் கனத்தால், அசைக்க இயலாவிட்டால், முதுகில் புதிதாகக் கடும் வலி தோன்றினால், அதனை மருந்தின் விளைவு என்று எண்ணிக் காலை வரை காத்திருத்தல் கூடாது. மருந்தை உடனே நிறுத்தி, உணர்வு திரும்புகிறதா என்று பார்த்து, காலந்தாழ்த்தாமல் காந்த அதிர்வுப் படம் எடுக்க வேண்டும்.

இதற்குத் தேவையான சோதனை மிக எளிது. சில மணி நேரத்திற்கு ஒருமுறை, நள்ளிரவிலும்கூட, செவிலியர் நோயாளியிடம் சென்று வலது காலையும் இடது காலையும் ஒவ்வொன்றாக மடக்கி உயர்த்தச் சொல்லி, விடையை ஏட்டில் குறித்துவைக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் ஒருவர் தவறாமல் செய்ய வேண்டும். குறை கண்டால் அழைக்க ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். அழைத்த மருத்துவரால் இரவிலேயே படம் எடுக்கவும் முதுகெலும்பு அறுவை செய்யவும் ஏற்பாடு செய்ய முடிய வேண்டும். எபிடியூரலின் பாதுகாப்பு ஊசி குத்தும் கையோடு முடிந்துவிடுவதில்லை. இந்தச் சங்கிலி முழுவதும் அறாமல் இருப்பதைப் பொறுத்தது அது.

ஆய்வுகள் காட்டுவது

பயன் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒருமித்த குரலில் பேசவில்லை. நெதர்லாந்தில் 654 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, பொது மயக்கத்தோடு எபிடியூரலைச் சேர்ப்பதால் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் சிக்கல் ஆகியவை இன்றி வாழ்வோர் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வோ, துடிக்கும் இதயத்தில் அறுவை செய்துகொண்டோருக்குத் துடிப்பு ஒழுங்கின்மை குறைந்ததாகவும், அவர்கள் விரைவில் வீடு திரும்பியதாகவும் கூறியது. உடல் பருமன் மிக்க நோயாளிகளிடம் இந்திய மருத்துவர்கள் நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எபிடியூரல் பெற்றவர்களின் நுரையீரல் செயல்திறன் மேம்பட்டிருந்தது.

69 ஆய்வுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் மதிப்புரை ஓரளவு தெளிவைத் தருகிறது. சிரை வழி வலி நீக்கத்தோடு ஒப்பிடும்போது எபிடியூரல் வலியைக் குறைக்கிறது. சுவாசக் கருவியில் இருக்கும் நேரத்தைக் குறைக்கிறது. துடிப்பு ஒழுங்கின்மையையும் குறைக்கலாம். ஆனால் முதல் மாதத்தில் உயிரிழப்பைக் குறைப்பதாக உறுதிபடக் கூற இயலவில்லை. இரத்த அழுத்தம் இறங்குதல் மிகுதியாகிறது. சுருங்கக் கூறின், இம்முறை வலியை நீக்குகிறது என்பதில் ஐயமில்லை. எல்லா நோயாளிகளின் உயிரையும் காக்கும் அருமருந்து என்று கூறுவதற்கில்லை. பலவீனமான நுரையீரல் உடையவருக்கு அதன் பயன் கூடுதலாக இருக்கலாம். ஏனையோருக்கு வேறு வழிகளே போதுமானவை.

அத்தகைய வேறு வழிகளும் அண்மையில் பெருகியுள்ளன. 2016ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட ஒரு முறையில், முதுகுத்தண்டை நிமிர்த்தும் தசைக்கு அடியில், மீயொலிப் படத்தைப் பார்த்துக்கொண்டே மருந்து செலுத்தப்படுகிறது. நெஞ்செலும்பின் ஓரங்களில் மருந்திடும் முறையும் உண்டு. ஊசி எலும்புக் கால்வாயினுள் செல்லாததால் தண்டுவடத்தை நெரிக்கும் ஆபத்து இவற்றில் மிகக் குறைவு. எபிடியூரல் அளவுக்கு வலிமை இல்லாவிடினும், பாராசிட்டமால், அளவான மார்ஃபின் ஆகியவற்றோடு சேர்ந்து இவை பெரும்பாலோருக்கு நல்ல ஆறுதல் தருகின்றன.

நம் நாட்டின் தேவை

2018ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி மக்கள் நல்வாழ்வுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. பைபாஸ் அறுவையும் அதில் அடங்கும். 2024ஆம் ஆண்டு முதல் 70 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர் அனைவருக்கும் வருமான வேறுபாடின்றி இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. அறுவைக் கூடத்தின் வாயில் இவ்வாறு ஏழைக்கும் முதியவருக்கும் திறந்திருக்கிறது. வாயிலைக் கடந்து உள்ளே சென்றபின் அவர் பெறும் கவனிப்பும் அதற்கேற்ப அமைய வேண்டும்.

அறுவைக்கு வழங்கப்படுவது ஒரு மொத்தத் தொகை. ஊசியும் குழாயும் பெரும் செலவுடையவை அல்ல. இரவில் கால்களைச் சோதிக்கும் செவிலியரின் நேரமே விலையுயர்ந்தது. ஒரு செவிலியர் பல கட்டில்களைக் கவனிக்கும் இடத்தில், எபிடியூரல் வைப்பதால் நோயாளிக்கு நன்மையைவிடத் தீமையே மிகலாம். பயிற்சி பெற்ற மயக்க மருத்துவரும், இடைவிடாத கண்காணிப்பும், உடனடிப் படப்பிடிப்பு வசதியும் உள்ள மருத்துவமனைகள், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இதனை அளிக்கலாம். ஏனையவை எளிய நரம்புத் தடுப்பு முறைகளையும் மருந்துகளையும் ஒழுங்காகக் கையாளுவதே அறிவுடைமை. எபிடியூரல் இல்லை என்பது குறையன்று. வலியை எவரும் அளந்து பார்க்கவில்லை என்பதே குறை.

மருந்து கிடைப்பதும் ஒரு பிரச்சினையாக இருந்துவந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் கடத்தலைத் தடுக்கும் நோக்கில் இயற்றப்பட்டது. அதன் கடுமையான உரிம விதிகளால் மருத்துவத் தேவைக்கான மார்ஃபினும் கிடைப்பது அரிதாயிற்று. 2014ஆம் ஆண்டின் திருத்தம் இன்றியமையாத போதை மருந்துகளைத் தனியே வகைப்படுத்தி, நாடு முழுவதற்கும் ஒரே விதிமுறைக்கு வழி செய்தது. இவ்வசதியைச் சிறிய நகரங்களின் மருத்துவமனைகளும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நோயாளியின் இசைவும் முக்கியமானது. ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடக் கூடாது. முதுகில் ஊசி எதற்கு, அதனால் என்ன நன்மை, அரிதாக என்ன தீங்கு நேரலாம், அது வேண்டாமெனில் வேறு என்ன வழி உண்டு என்பதை அவருக்குத் தெரிந்த மொழியில் முன்னரே கூற வேண்டும். கால்கள் கனத்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதை அவருக்கும் அவரது குடும்பத்தாருக்கும் உணர்த்த வேண்டும். அவ்வாறு அறிந்த நோயாளியே தமக்கு முதல் காவலராகிறார்.

1975ஆம் ஆண்டில் அடைபட்ட தமனிக்கு மாற்றுப் பாதை அமைக்க முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது. அதற்கு விடை கிடைத்துவிட்டது. அறுவைக்கு மறுநாள் அந்த நோயாளியால் அச்சமின்றி ஆழ்ந்து மூச்சுவிட முடிகிறதா என்பது இன்றைய கேள்வி. எபிடியூரலோ வேறு எந்த முறையோ, தன் வசதிக்கும் நோயாளியின் நிலைக்கும் ஏற்றதைத் தேர்ந்து, வலியை வேளைதோறும் கேட்டறிந்து குறித்துவைப்பதை ஒவ்வொரு இதய அறுவைப் பிரிவும் கடமையாகக் கொள்ளுமாயின், உயிரைக் காக்கும் இச்சிகிச்சை மனிதத் துன்பத்தையும் துடைக்கும் சிகிச்சையாக முழுமை பெறும்.